பத்தொன்பது கிலோமீட்டர் சீம்பால்

கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க அம்மிணி. இன்னும் கொஞ்சம். ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க, எனக்கு வேண்டாம், வெயில் இந்தத் தூக்குப்போசி மேல் விழுந்தால் உள்ளே இருக்கிறது கெட்டுப்போகும். ஆனால் இந்தப் பக்கம் இருந்தால் ஏறுகிறவன் இறங்குகிறவன் எல்லாம் இடிப்பான். அப்படியானால் நான் ஜன்னலுக்கு வரட்டுமா? இல்லை, வேண்டாம். இதுவே இருக்கட்டும். மடியில் வைத்துக்கொள்கிறேன். இந்த பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து போகிற மாதிரி இல்லை உங்களுக்கு?

நான் சிரிப்பதைத் தப்பாக நினைக்காதீங்க. நேற்று விடிகாலையிலிருந்து இப்படித்தான். அடுப்பைப் பற்றவைத்தால் சிரிப்பு வருகிறது, தலை வாரினால் சிரிப்பு வருகிறது. மூலனூர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் எந்த ஊர் என்று கேட்டார். "கல்தொட்டிப் பிரிவு" என்று சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிட்டேன். பாவம், அவர் சட்டைப் பட்டனைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

போசியில் இருப்பது சீம்பால். மாடு கன்று போட்டதும் முதல் முதலாகக் கறப்பது, மஞ்சளாக, தயிர் மாதிரி கெட்டியாக இருக்கும். எங்கள் மாடு நேற்று விடிகாலை கன்று போட்டது. கிடாரிக் கன்று. பெண் கன்று அம்மிணி. பெண்.

எங்கே கொண்டு போகிறேன் என்று கேட்டால் நீங்களும் சிரிப்பீங்க. என் வீட்டுக்குப் பின்னால்தான் போகிறேன். நிஜமாகத்தான். எங்கள் வீடு புதூர் ரோட்டின் மேல் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் கொரங்காடு. மாடு மேய்வதற்கென்றே விட்ட காடு, ஏர் ஓட்டுவதில்லை, புல்லும் வெள்வேல மரமும்தான், சுற்றிக் கிளுவை வேலி. அந்தக் கொரங்காட்டுக்கு நடுவிலும் ஒரு வேலி ஓடுகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் மீதிக் காடு, அதைத் தாண்டினால் ஒரு வீடு. அந்த வீட்டுக்குத்தான் போகிறேன். நடந்தால் ஐந்து நிமிஷம். நான் என் வீட்டு வாசலில் பஸ் ஏறி, மூலனூர் போய், முக்கால் மணி நேரம் நின்று, இந்த பஸ்ஸைப் பிடித்து, சுற்றிக்கொண்டு அந்த வீட்டு முன்வாசலுக்குப் போகிறேன். பத்தொன்பது கிலோமீட்டர் ஆகிறதாம், கண்டக்டர் சொன்னார்.

நடந்து போனால் என் வீட்டுக்காரர் பார்த்துவிடுவார். அதுதான் விஷயம்.

அந்த வீடு யார் வீடு என்றால், என் வீட்டுக்காரருடைய அண்ணன் வீடு. இவர் பெயர் நல்லசிவம், அவர் சென்னியப்பன். அவர் பெண்சாதி பாவாத்தா, எனக்கு ஓரம்படியாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டுக்கு வாழ வந்தவர்கள். அண்ணனும் தம்பியும் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. பாவாத்தா அக்காவுக்கும் எனக்கும் சண்டையே கிடையாது. ஆனால் அவர்கள் பேசாதபோது நாங்கள் எப்படிப் பேசுவது? கல்யாண வீடுகளில் ஒரே வரிசையில்தான் உட்காருவோம், நடுவில் இரண்டு நாற்காலி காலியாக விட்டு. யாராவது அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தால் எனக்குக் கோபம் வரும், ஏன் என்று தெரியாது.

எங்களுடையது எட்டுத் தலைமுறையாக மாடு வளர்க்கிற குடும்பம். பால் வியாபாரம் செய்கிற மாடு அல்ல. காங்கயம் மாடு. இரண்டு லிட்டர் கறந்தால் அதிகம், அதையும் கன்று குடித்துவிடும். ஆனால் அதன் உடம்பு இருக்கிறதே, வெயிலுக்கும் அசையாது, வறட்சிக்கும் அசையாது. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கன்றை வீட்டிலேயே வைத்து வளர்ப்பது, எதை விற்பது என்பதற்கு நிறமோ கொம்போ பார்ப்பதில்லை. மழை பெய்யாத வருஷத்தில் எந்த மாடு கன்று போட்டு, அந்தக் கன்றையும் பிழைக்க வைத்ததோ, அதன் பெண் கன்றைத்தான் வைத்துக்கொள்வது. மீதி எல்லாம் சந்தைக்குப் போகும். என் மாமனார் சொல்வார், "நல்ல வருசத்துல எல்லா மாடும் நல்ல மாடுதான் சாமி." அப்படியே பொறுக்கிப் பொறுக்கி வந்த வழி அது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு வறட்சி வந்ததே, பக்கத்துத் தோட்டத்தில் சீமை மாட்டுக்கு மின்விசிறி போட்டார்கள், அப்படியும் போய்ச் சேர்ந்தது. எங்கள் மாடு வெள்வேலங்காயைப் பொறுக்கித் தின்றுகொண்டு காய்ந்த வேலியைக் கடித்துக்கொண்டு நின்றது.

பாகம் பிரித்தபோதுதான் எல்லாம் வந்தது. காட்டைப் பாதியாக அளந்தார்கள். அளவுக்காரர் சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்தால், அது நேராக மாடு தண்ணீர் குடிக்கும் கல்தொட்டிக்கு நடுவில் வந்து நிற்கிறது. ஒரே கல்லில் குடைந்த தொட்டி, எட்டடி நீளம். என் மாமனாரின் தாத்தா வெட்டி வைத்தது. பாதி இங்கே, பாதி அங்கே.

மாடு பிரிக்கும்போது பெரியவர், இவருடைய அண்ணன், சொன்னார், "தொட்டிய நீயே முழுசா வெச்சுக்கடா. பூச்சிக்காளைய நான் வெச்சுக்கறேன்." பூச்சிக்காளை என்றால் பசுவுக்குச் சேர்க்கிற காளை. எங்கள் வீட்டில் காளை வழி வேறு, பசு வழி வேறு, இரண்டும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக்கொண்டு வருவது.

இவர் கேட்டார், "தொட்டிய வெச்சு நான் என்ன பண்றதுங்? அதுக்குள்ள படுத்துக்கறதா?"

"பசு பூராவும் உனக்குத்தான வருது?"

"காளையில்லாத பசுவ வெச்சு?"

"ஊசி போட்டுக்க."

அந்த ஒரு வார்த்தைதான் அம்மிணி. எட்டுத் தலைமுறை காளை கட்டி வளர்த்த வீட்டில், அண்ணன் தம்பியைப் பார்த்து ஊசி போட்டுக்கொள் என்றால் என்ன அர்த்தம்? இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. தொட்டியையும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு பக்கமும் கிளுவை நட்டு வேலி வைத்தார்கள். தொட்டி இருக்கிற இடத்தில் கல்லில் எப்படி நடுவது? அங்கே மட்டும் முள்ளை வெட்டி, மாடு மேலே தலையை நீட்டிக் குடிக்கிற உயரத்துக்குப் படல் கட்டினார்கள். இவர் பக்கம் ஒரு முள்படல், அவர் பக்கம் ஒரு முள்படல். நடுவில் தண்ணீர்.

ஆனால் ஒன்று. தொட்டியில் தண்ணீர் ஒரு நாள்கூட வற்றியதில்லை. ஒரு நாள் இவர் நிரப்புவார், ஒரு நாள் அவர் நிரப்புவார். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. பதினோரு வருஷமாக முறை தப்பியதில்லை. பேசாத மனிதர்களுக்கு முறை எப்படித் தெரிகிறது என்று நான் கேட்டிருக்கிறேன். "உனக்கு வேற வேலயில்லையா?" என்பார்.

கொஞ்சம் இருங்க, மூடி அசைந்த மாதிரி இருந்தது. இல்லை, சரியாகத்தான் இருக்கிறது.

எங்கள் பாகத்துக்கு வந்த பசுக்கள், வெளியூர்க் காளைக்குச் சேர்த்து, அடுத்தடுத்துக் காளைக் கன்றாகவே போட்டன. வயசான மாடுகள் போயின. கடைசியில் அந்த வழியில் ஒரே ஒரு பசு மிஞ்சியது. அந்த வறட்சியில் பிறந்தது. அதன் பெயர் டீச்சர். ஏன் என்றால், மற்ற மாடு மேயும்போது இது ஒரு மேட்டில் ஏறி நின்றுகொண்டு ஒவ்வொன்றையும் முறைத்துப் பார்க்கும். ஆஜர் எடுக்கிற மாதிரி. எந்த மாடாவது வேலிப் பக்கம் போனால் ஒரு கத்து. நான் புல்லுக் கட்டோடு கொஞ்சம் லேட்டாக வந்தாலும் அதே பார்வைதான். அந்தப் பார்வையைக் கண்டாலே நான் கை கட்டிக்கொண்டு நின்றுவிடுவேன். நான் ஆறாவது பாதியில் நின்றவள், எங்கள் வீட்டில் அப்போது மாடு மேய்க்க ஆள் இல்லை. பள்ளிக்கூடம் போன நாளைவிடப் போகாத நாள் அதிகம். அதனால் டீச்சர் என்றாலே...

நீங்கள் என்ன வேலையாக இருக்கிறீங்க அம்மிணி?

ஓ.

எந்தப் பள்ளிக்கூடம்? அப்படியா. நல்ல மாடு அது, தப்பாக நினைக்காதீங்க. கண்ணெல்லாம் ரொம்ப அழகாக இருக்கும். நீங்கள் முறைக்கவே இல்லையே. சிரித்த முகமாகத்தான் இருக்கிறீங்க. முதலிலேயே சொல்லியிருந்தால் நான் நகர்ந்து உட்காரச் சொல்லியிருக்கவே மாட்டேன்.

சரி, அந்த டீச்சர், மாடு, இரண்டு வருஷமாகச் சினை பிடிக்கவில்லை. இவர் மூன்று ஊருக்கு ஓட்டிக்கொண்டு போனார், பெரிய பெரிய காளைகளிடம். ஒரு காளையைக்கூட அது கிட்டே விடவில்லை. ஒன்றை முட்டித் தள்ளிவிட்டது. கடைசியில் வேறு வழியில்லாமல் ஊசி. எங்கள் வீட்டில், ஊசி. இவர் மாட்டு டாக்டரிடம் வண்டியை ரோட்டிலேயே நிறுத்தச் சொன்னார். கொட்டகைக்குள் வந்ததும், "மெதுவாப் பேசுங்க சார், சத்தம் அந்தப் பக்கம் போகும்" என்றார். டாக்டர் மாட்டுக்குத்தான் காது கேட்டுவிடும் என்று நினைத்துக்கொண்டு கிசுகிசு என்று பேசினார். மூன்று ஊசி. மூன்றும் தங்கவில்லை.

போன ஆனி மாசம் இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "ஆடி நோம்பி வரைக்கும் பாக்கலாம். அப்பறம் லாரிக்காரனுக்குச் சொல்லிட்டேன்."

அந்த லாரி எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும். திரும்பி வராத லாரி. கறிக்கு. இவரைக் குறை சொல்ல மாட்டேன். கன்று போடாத மாட்டை நிறுத்தி வைப்பதில்லை என்பதும் எங்கள் வீட்டு வழக்கம்தான். அப்படிக் கறாராக இருந்ததால்தான் அந்த வழியே நின்றது. ஆனால் இந்த ஒரு மாடு போனால் வழியும் சேர்ந்து போகிறது. எட்டுத் தலைமுறை பொறுக்கிச் சேர்த்தது ஒரு லாரியில் ஏறிப் போய்விடும். எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் பொதுவாகக் கவலைப்படுகிற ஆள் கிடையாது. அன்றைக்கு மட்டும் அப்படி.

மாட்டுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும் அம்மிணி. டீச்சர் அம்மிணி. அது தினமும் தொட்டிக்குப் போகும். தண்ணீர் குடிக்காது, சும்மா நிற்கும். அந்தப் பக்கத்திலிருந்து காளை வரும். பெரியவர் வைத்திருக்கிற காளை, தாசில்தார் என்று பெயர் வைத்திருக்கிறார், யார் சொன்னாலும் அசையாது, அதற்கே மனசு வந்தால்தான் எழுந்திருக்கும். கருமயிலை, கறுப்போடிய சாம்பல் நிறம், வால் நுனி மட்டும் வெள்ளை. எங்கள் பக்கத்தில் காங்கயம் காளைக்கு வால்முடி கறுப்பாகத்தான் இருக்கும், இதற்கு மட்டும் வெள்ளை. அதுவும் தண்ணீர் குடிக்காது. இரண்டு முள்படலுக்கு நடுவில் தண்ணீரில் இதன் மூஞ்சியும் தெரியும், அதன் மூஞ்சியும் தெரியும். இரண்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். மூன்று ஊர்க் காளையை முட்டித் தள்ளிய மாடு, இங்கே வந்து பெண் பார்க்க உட்கார்ந்த பெண் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறது.

ஆடி நோம்பிக்கு, அதுதான் ஆடிப்பெருக்குக்கு, இன்னும் மூன்று நாள். மூலனூரில் ஒரு துக்கம், பங்காளி வீடு, அண்ணன் தம்பி இரண்டு பேருமே போயாக வேண்டும். தனித்தனி வண்டியில்தான். விடிந்ததிலிருந்து டீச்சர் கத்துகிறது. அந்தக் கத்து எதற்கு என்று மாடு வளர்க்கிறவர்களுக்குத் தெரியும். இவர் வேட்டி மாற்றிக்கொண்டு வந்தார்.

"மாடு கத்துது" என்றார்.

"கேக்குதுங்க."

"நான் வர மூணு மணி ஆகும்."

"சரிங்க."

"மூணு மணிக்கு முன்னாடி வரமாட்டேன்."

"சரிங்கன்னு சொல்லிட்டேன்ல?"

வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை சொன்னார், மூணு மணி என்று. வயசானால் சொன்னதையே சொல்கிறார்கள்.

அவர் வண்டிச் சத்தம் அடங்கியதும் நான் தொட்டிக்குப் போனேன். முள்படலை வெறும் கையால் இழுக்க முடியாது, முள் தள்ளுகிற கவைக்கோல் வேண்டும். அது எப்போதும் கொட்டகைக் கூரை மோட்டில் செருகியிருக்கும், எனக்கு எட்டாது. அன்றைக்குப் பார்த்தால் தொட்டி மேலேயே சாய்த்து வைத்திருக்கிறது. எங்கே எதை வைத்தோம் என்ற ஞாபகமே இல்லாத மனிதர். எனக்கு நல்லதாகப் போயிற்று. படலைக் குத்தித் தூக்கி ஒரு பக்கம் தள்ளினேன். கை கீறிவிட்டது, இதோ பாருங்க, இன்னும் தழும்பு இருக்கிறது.

என் பக்கம் எடுத்துவிட்டேன். அந்தப் பக்கத்துப் படலை எப்படி எடுப்பது? அதைத்தான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கிறேன், அந்தப் பக்கம் படலே இல்லை. ஓரமாகக் கிடக்கிறது. பாவாத்தா அக்கா எப்போதும் அப்படித்தான், வேலி விஷயத்தில் ரொம்ப அசட்டை. நான் கல்யாணமாகி வந்த புதிதிலேயே பார்த்திருக்கிறேன், சாமான் விளக்கினால்கூட அடியில் கரி இருக்கும். காளையும் கட்டாமல் கிடக்கிறது. மத்தியானம் ஆனால் பெரியவர் கொட்டகையில் கட்டிவிடுவார், அன்றைக்கு மறந்துவிட்டுத் துக்கத்துக்குப் போயிருக்கிறார். அவருக்கும் வயசாகிறதே. வீட்டுக்குள் ரேடியோ அலறுகிறது. ஊரே கேட்கிற மாதிரி. அந்தச் சத்தத்தில் இங்கே ரெயில் போனாலும் அவளுக்குக் கேட்காது. எல்லாம் எனக்கென்றே அமைந்த மாதிரி அமைந்தது.

டீச்சர் தொட்டியைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. பிறகு ஒவ்வொரு காலாகத் தூக்கித் தண்ணீருக்குள் வைத்தது, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கிற மாதிரி. அந்தப் பக்கம் ஏறியது. தாசில்தார் எழுந்து நின்றார்.

அதற்கு மேல் நான் திரும்பி நின்றுகொண்டேன். உங்கள் முன்னால் எப்படிச் சொல்வது.

அரை மணி கழித்து அதுவாகவே தண்ணீரில் இறங்கி வந்தது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மேட்டில் ஏறி ஆஜர் எடுக்க ஆரம்பித்தது. நான் படலைப் பழையபடி வைத்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் அந்தப் பக்கத்துப் படலும் வைத்திருந்தது. அவளுக்கு எப்போதோ ஞாபகம் வந்திருக்கிறது.

சாயங்காலம் இவர் என் கையைப் பார்த்தார்.

"என்ன காயம்?"

"பூனை கீறிருச்சுங்க."

"நம்மூட்டுல பூனை ஏது?"

"எங்கிருந்தோ வந்துதுங்க."

"கெட்டிக்காரப் பூனையாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு சோறு போட்டேன். ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

நோம்பி முடிந்து லாரி வந்தது. வாசலில் நின்று ஹாரன் அடிக்கிறான். என் உயிர் என்னிடம் இல்லை. இன்னும் சினை என்று தெரிகிற காலம் வரவில்லை, நான் என்ன சொல்லித் தடுப்பது? வாயைத் திறந்தால் திருட்டுத்தனம் வெளியே வரும். இவர் போய் அவனிடம், "இன்னொரு ரெண்டு மாசம் போகட்டும்ப்பா, மாட்டுக்குக் கொஞ்சம் சளி" என்று அனுப்பிவிட்டார். மாட்டுக்குச் சளியே இல்லை. ஒரு தும்மல்கூட இல்லை. ஆனாலும் இவர் அப்படித் தப்பாகக் கணித்ததும் நல்லதாகப் போயிற்று.

ஐப்பசியில் சினை என்று தெரிந்தது. "மூணாவது ஊசி பிடிச்சிருச்சு" என்றார். மூன்றாவது ஊசி போட்டது போன வருஷம் சித்திரையில். கன்று போட வேண்டியது தை மாசம். தை போயிற்று, மாசி போயிற்று, பங்குனி போயிற்று, சித்திரையும் போயிற்று. நான் விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டு, இன்றைக்குக் கேட்பார், நாளைக்குக் கேட்பார் என்று பயந்துகொண்டே இருந்தேன். ஐம்பது வருஷமாக மாட்டோடு இருக்கிற மனிதர், மாட்டைக் கண்ணால் பார்த்தே எத்தனை மாசம் என்று சொல்லிவிடுவார். என்னமோ இந்த மாட்டுக்கு மட்டும் கேட்கவில்லை.

நேற்று வைகாசி ஒன்று. விடிகாலை. நான்தான் பிடித்து இழுத்தேன். செவலைக் கன்று. எங்கள் மாட்டுக்குக் கன்று பிறக்கும்போது செவலையாகத்தான் இருக்கும், ஆறு மாசத்தில் மயிலையாக மாறிவிடும். காலைத் தூக்கிப் பார்த்தேன். கிடாரி. நான் சத்தம் போட்டேனா என்று எனக்குத் தெரியாது. மரத்தில் இருந்த குருவியெல்லாம் பறந்து போனது மட்டும் தெரியும். இவர் ஓடி வந்தார். குனிந்தார். வாலைப் பிடித்து நிமிர்த்தினார்.

வால் நுனி வெள்ளை.

பஞ்சை ஒட்டின மாதிரி வெள்ளை. நான் செத்தேன் என்று நினைத்தேன். இவர் அந்த வெள்ளையை விரலால் நீவிவிட்டார். பிறகு, "ஊசியில இப்படியும் வருமாட்ட இருக்குது" என்றார். துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவ்வளவு வெள்ளந்தி.

இங்கேதான் என் சங்கடம். ஒரு காளைக்குச் சேர்த்து மாடு கன்று போட்டால், முதல் சீம்பால் அந்தக் காளை வீட்டுக்குப் போக வேண்டும். அந்த வீட்டுப் பெண்பிள்ளை கையில் கொடுக்க வேண்டும். அவள் அதை வாங்கி, வேறு பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டு, கன்றுக்கு ஒரு மணி போட்டுப் போசியைத் திருப்பித் தர வேண்டும். அப்படிச் செய்தால்தான் கன்று தங்கும். அந்தக் காலத்தில் ஊரெல்லாம் எங்கள் வீட்டுக்குச் சீம்பால் வரும். வாங்கி வாங்கிக் கை வலிக்கும் எங்களுக்கு, பாவாத்தா அக்காவும் நானும் அதைக் காய்ச்சித் துண்டு போட்டுச் சர்க்கரை தூவி... அது கிடக்கட்டும். இப்போது நான் கொண்டுபோக வேண்டியவள்.

கொடுக்காமல் இருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் நேற்று மத்தியானம் கன்று மடியில் வாய் வைக்காமல் ஒரு தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரே ஒரு தடவை. பிறகு நன்றாகத்தான் குடித்தது. ஆனாலும் எனக்குப் போதும்.

கொடுத்தால் என்ன ஆகும்? உங்கள் காளையைத் திருட்டுத்தனமாகச் சேர்த்தேன் என்று நானே வாயால் சொன்ன மாதிரி. அக்கா வாங்காமல் கதவைச் சாத்திவிட்டால்? போசியைக் காலால் தள்ளிவிட்டால்? தள்ள மாட்டாள், அப்படிப்பட்டவள் இல்லை. ஆனால் பதினோரு வருஷம் ஆயிற்றே, மனிதர்கள் மாறியிருப்பார்களே. இருமல் மட்டும் மாறவில்லை. அது எனக்குத் தெரியும், வேலிக்கு இந்தப் பக்கம் கேட்கும். போன மாசம் புது மிக்ஸி வாங்கியிருக்கிறாள். பழையது கரகர என்று சத்தம் போடும்.

இன்றைக்குக் காலையில் சீம்பாலை எடுத்துக்கொண்டு வேலியோரமாகவே போய்விடலாம் என்று பார்த்தேன். இவர் சுண்ணாம்பு டின்னும் மட்டையும் எடுத்துக்கொண்டு தொட்டிக்குக் கிளம்புகிறார். தொட்டிக்கு வெள்ளையடிக்கப் போகிறாராம். இன்றைக்கு முறை பெரியவருடையது, இவருடையதே இல்லை. சொன்னால், "உனக்கு வேற வேலயில்லையா?" சரி, அந்த வழி அடைந்துபோயிற்று. கண் டாக்டரைப் பார்க்க மூலனூர் போகிறேன் என்று பொய் சொன்னேன்.

"போய்ட்டு வா" என்றார். "சிந்தாமக் கொண்டு போ."

எதை என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இந்த மூடி மேல் இருக்கிறது பாருங்க ரப்பர், சைக்கிள் ட்யூப் ரப்பர், அதையும் அவரே அறுத்து இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். ஆனால் உள்ளே என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அகப்பட்டிருப்பேன். ஏதோ மோர் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. கண் டாக்டருக்கு மோர்.

நீங்கள் ஏன் டீச்சர் அம்மிணி அப்படிச் சிரிக்கிறீங்க? நான் சொன்னேன் இல்லையா, நீங்களும் சிரிப்பீங்க என்று. சிரிங்க, சிரிங்க. போசி மட்டும் ஆடாமல் பார்த்துக்கொள்ளுங்க.

அடுத்த ஸ்டாப் என்னுடையதுதான். மணி என்ன ஆகிறது? முதலில் என்ன சொல்ல வேண்டும் என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். "நல்லா இருக்கறீங்களாக்கா" என்றால், இப்போதுதான் தெரிந்ததா என்று கேட்பாள். "கன்னு போட்டுருக்குதுங்" என்றால், அதற்கு நான் என்ன செய்யட்டும் என்பாள். நீங்கள் படித்தவங்க, ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்க. சின்னதாக. எனக்குப் பெரிய வார்த்தை எல்லாம் நிற்காது.

அதோ, அந்த ஓட்டு வீடுதான். பஸ் உயரமாக இருப்பதால் வேலிக்கு மேல் கொரங்காடு முழுக்கத் தெரிகிறது பாருங்க. இந்தப் பக்கத்திலிருந்து நான் பார்த்ததே இல்லை, எங்கள் வீடு எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது. அந்தச் சீமைக்கருவேலத்துக்குப் பக்கத்தில், வெள்ளையாக, அதுதான் தொட்டி. இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருத்தர் டின்னைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தர் மட்டையால் அடித்துக்கொண்டு. டின் பிடித்திருக்கிறது பெரியவர். அந்த வெள்ளைத் துண்டு...

அது எங்கள் வீட்டுக்காரர்.

படலைக் காணோம். இரண்டு பக்கத்துப் படலையும் காணோம். இவர் எப்படி அங்கே? இவருக்கு யார் சொன்னார்கள்? டீச்சர் அம்மிணி, இவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? நான் யாரிடமும் மூச்சு விடவில்லையே. நான் பத்தொன்பது கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு வருகிறேன், இந்த மனிதர் தொட்டியைத் தாண்டி நிற்கிறார்.

ஸ்டாப் வந்துவிட்டது. யாரோ நிற்கிறார்கள் ஏறுவதற்கு. பச்சைச் சேலை.

அக்கா.

கிளம்பிவிட்டாள் பாருங்க. எனக்குத் தெரியும். நான் வருவது எப்படியோ தெரிந்துவிட்டது, வீட்டில் இருக்கக்கூடாது என்று பஸ் ஏறக் கிளம்பிவிட்டாள். நான் என்ன செய்வேன், இதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போவதா? தலை நிறையப் பூ வேறு. எங்கே போகிறாள் இவ்வளவு பூ வைத்துக்கொண்டு? இந்த பஸ் கடைசி ஸ்டாப் வரைக்கும் போய்த் திரும்பி மூலனூர்தான் போகும், அங்கே இறங்கி மாறினால் புதூர் ரோட்டு பஸ்...

புதூர் ரோட்டில் எங்கள் வீடுதானே இருக்கிறது.

அவள் கையில் அது என்ன? உங்களுக்குக் கேட்கிறதா? படியில் கால் வைக்கும்போது ஒரு சத்தம். கேட்டதா? மணி. வெண்கல மணி. சின்னது, கன்றுக்குக் கட்டுகிறது.

கண்டக்டர் தம்பி, வண்டியை எடுத்துவிடாதீங்க. விசில் அடிக்காதீங்க. டீச்சர் அம்மிணி, இதைக் கொஞ்சம் பிடிங்க, இல்லை, வேண்டாம், கொடுங்க, நானே எடுத்துக்கொள்கிறேன். கொஞ்சம் வழி விடுங்க, வழி விடுங்க. இந்தச் சிரிப்பு வேறு.

அக்கா. ஏனுங்க்கா, ஏறாதீங்க. நான் எறங்கிக்கறேன்.